குடியுரிமையும் நாடு கடத்தலும்



2019ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் மாலை. நாம் பணியாற்றும் தோட்டத்துக் காப்பிக்கடையில் நாளிதழ் ஒன்று கை மாறிக்கொண்டிருந்தது. மலேசியர் ஒருவரை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்த செய்தி அதில் வந்திருந்தது. செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளி ஒருவர் அதைப் படித்துவிட்டு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, இவரு நம்ம நாட்டுக்காரருதானே? நீலக் கார்டு வச்சிருக்கிற ஆளை எப்படி இன்னொரு நாட்டுக்குப் பிடிச்சுக் கொடுக்கலாம்?"

பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் உடனே குறுக்கிட்டார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். "நீலக் கார்டு உள்ளவருக்கே இந்தக் கதின்னா, சிவப்புக் கார்டு வச்சிருக்கிற என் கதி என்னங்க ஐயா? ஒரு நாள் என்னையும் நாடு கடத்திடுவாங்களா?" என்றார்.

ஒருவர் கேட்டது அறிவுக்காக; மற்றவர் கேட்டது அச்சத்தால். இரண்டு கேள்விகளுக்கும் அன்று நாம் சுருக்கமாக விடை சொன்னோம். இன்று அவ்விடையைச் சற்று விரிவாகவே உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 'நாடு கடத்தல்' என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறோம். ஒரு நாடு தனக்கு வேண்டாதவர் என்று கருதும் ஒருவரைத் தன் எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுவது ஒன்று. குற்றம் செய்தார் என்று வேறொரு நாடு ஒருவரைக் கேட்க, விசாரணைக்காகவோ தண்டனைக்காகவோ அவரை அந்நாட்டிடம் ஒப்படைப்பது மற்றொன்று. முன்னதை 'வெளியேற்றம்' என்றும், பின்னதை 'ஒப்படைப்பு' என்றும் இந்த உரையில் அழைப்போம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் குடியுரிமை எங்கே காக்கும், எங்கே காக்காது என்பது விளங்கும்.

வெளியேற்றம் என்பது என்ன என்று அறிய, நம் தோட்ட மக்களின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை ஒன்று திரட்டியவர்களில் முன்னணியில் நின்றவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன். அவர்கள் கேட்டவை யாவை? மற்ற இனத்தவருக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும்; பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும்; மருத்துவ வசதி வேண்டும்; கள்ளுக்கடைகளை மூட வேண்டும்; பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும்; துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். இவைதாம் அவர்களுடைய கோரிக்கைகள்.

அந்த ஆண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் மீது குற்றம் சாட்டி, சாட்சிகளை விசாரித்து, எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. இந்தியா அவரைக் குற்றவாளி என்று கேட்கவும் இல்லை. அன்றைய ஆட்சிக்கு அவர் வேண்டாதவர், ஆகவே கப்பலேற்றப்பட்டார். பிரிட்டிஷ் பேரரசின் பிரஜை என்ற பெயர் அவருக்கும் இருந்தது. ஆனால், சிலாங்கூர் மண்ணில் தங்கியிருக்கும் உரிமையை அந்தப் பெயர் அவருக்குத் தரவில்லை. 1948இல் அவசரகாலம் பிரகடனமான பின்னரும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், இந்தியர்களும் இருந்தார்கள்.

1957ஆம் ஆண்டு நாடு சுதந்திரம் அடைந்தபோது கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆவது பிரிவு, குடிமகன் எவரையும் இந்நாட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. நாட்டினுள் வரவிடாமல் தடுக்கவும் கூடாது என்று கூறுகிறது. குடிமக்கள் அல்லாதாரை வெளியேற்றுவதற்கென 1959ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. அச்சட்டத்தை 2011இல் நாடாளுமன்றம் ரத்துச் செய்துவிட்டது. எனினும், குடிநுழைவுச் சட்டத்தின் கீழ், குடிமக்கள் அல்லாதாரின் அனுமதியை ரத்துச் செய்து வெளியே அனுப்பும் அதிகாரம் இன்றும் இருக்கிறது.

ஆகவே, வெளியேற்றத்தைப் பொறுத்தமட்டில் குடியுரிமை ஒரு கோட்டைச் சுவர். சுவருக்கு உள்ளே இருப்பவரைத் தள்ளிவிட முடியாது.

இனி, ஒப்படைப்புக்கு வருவோம். இங்குதான் குலை அறுக்கும் நண்பரின் கேள்வி நிற்கிறது. தன் குடிமகனை ஒரு நாடு பிறநாட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைக்கலாமா?

உலக நாடுகள் இதில் இரண்டு வழிகளில் செல்கின்றன. ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் பலவும், அவற்றின் சட்ட மரபைத் தழுவிய நாடுகளும் தம் குடிமக்களை ஒப்படைப்பதில்லை. ஜெர்மனி 1949இல் தன் அடிப்படைச் சட்டத்திலேயே இதனை எழுதி வைத்தது. 2000ஆம் ஆண்டில்தான் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் அனைத்துலக நீதிமன்றங்களுக்கும் மட்டும் விலக்களிக்க வகை செய்தது. பிரேசில் நாட்டின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பிறப்பால் குடிமகனான எவரையும் ஒப்படைக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் அந்த நாடுகளில் குற்றவாளிக்குத் தண்டனையே இல்லையா? அப்படியன்று. தம் குடிமகன் உலகின் எந்த மூலையில் குற்றம் செய்தாலும், அவனைத் தம் நீதிமன்றத்திலேயே விசாரிக்கும் அதிகாரம் அந்நாடுகளின் சட்டத்தில் உண்டு. "எங்கள் பிள்ளையை நாங்களே தண்டிக்கிறோம், உங்களிடம் தரமாட்டோம்" என்பது அவர்கள் கொள்கை.

பிரிட்டிஷ் சட்ட மரபில் வந்த நாடுகளின் போக்கு வேறு. குற்றம் எங்கு நடந்ததோ அங்குதான் விசாரணை நடக்க வேண்டும். சாட்சிகளும் தடயங்களும் அங்குதானே இருக்கின்றன என்று அவர்கள் கருதினார்கள். அயல்நாட்டில் நடந்த குற்றத்தை உள்நாட்டில் விசாரிக்கும் அதிகாரம் அவர்களுடைய நீதிமன்றங்களுக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. ஆதலால், குடிமகன் என்பதற்காக ஒப்படைக்க மறுத்தால் அவன் எங்குமே விசாரிக்கப்படாமல் தப்பிவிடுவான். இதைத் தவிர்க்கவே அவர்கள் தம் குடிமக்களையும் ஒப்படைக்கிறார்கள்.

குடியுரிமை ஒருவரை எவ்வளவு தூரம் காக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்பதற்குப் பெரு நாட்டின் அதிபராக இருந்த அல்பெர்ட்டோ புஜிமோரியின் வரலாற்றைச் சொல்லலாம். அவருடைய பெற்றோர் ஜப்பானின் குமாமோட்டோ பகுதியிலிருந்து 1934இல் தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். கடல் கடந்து வந்த நம் முன்னோர்களைப் போன்றவர்கள்தாம். 1938இல் மகன் பிறந்தான். பெற்றோர் அந்தப் பிறப்பை ஜப்பானிய அதிகாரிகளிடமும் பதிந்து வைத்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து, 1990இல் பெரு நாட்டின் அதிபரானார்.

பத்து ஆண்டுகள் ஆண்டார். ஊழல் வெளிப்பட்டதும் 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானுக்குச் சென்று, அங்கிருந்தே பதவி விலகல் கடிதம் அனுப்பினார். அவருடைய ஆட்சியில் 1991இலும் 1992இலும் இராணுவக் கொலைக் குழுவொன்று 25 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தது. அக்கொலைகளுக்கும் ஊழலுக்கும் பதில் சொல்ல அவரை அனுப்புமாறு பெரு கேட்டது. ஜப்பானோ, "இவர் எங்கள் குடிமகன், ஒப்படைக்க இயலாது" என்று கூறிவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் பெற்றோர் செய்த ஒரு பதிவு, ஐந்து ஆண்டுக் காலம் அவரைக் காத்தது.

2005ஆம் ஆண்டு நவம்பரில் அவர் ஜப்பானை விட்டுப் புறப்பட்டுப் பெரு நாட்டின் அண்டை நாடான சிலியில் போய் இறங்கினார். சிலிக்கு அவர் குடிமகன் அல்லர். உடனே கைது செய்யப்பட்டார். 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலியின் உச்சநீதிமன்றம் ஒப்படைப்புக்கு ஒப்புதல் அளித்தது. 2009இல் பெரு நாட்டு நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2023 டிசம்பரில் விடுதலையான அவர், 2024 செப்டம்பரில் காலமானார்.

நேயர்களே, இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒருவனுடைய குடியுரிமை, அவனுடைய சொந்த நாட்டு மண்ணில் மட்டுமே கேடயமாகும். அடுத்த நாட்டுக்குப் போய்விட்டால் அந்தக் கேடயம் உடன் வராது. இது முதல் பாடம். ஏழைப் பெற்றோர் செய்யும் பிறப்புப் பதிவு ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதும் அவனோடு வரும். இது இரண்டாவது பாடம். புஜிமோரிக்கு அப்பதிவு தப்பிக்கும் வழியானது. ஆனால் குற்றமற்ற நம் பிள்ளைகளுக்கு அதுவே வாழும் வழி.

சரி, மலேசியாவின் நிலை என்ன? நம் நாடு பிரிட்டிஷ் மரபில் வந்தது. ஒப்படைப்பு பற்றிய நம் சட்டம் 1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி, குடிமகன் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் ஒப்படைப்பிலிருந்து விடுபட்டுவிட முடியாது. ஆனால், குடிமகனை ஒப்படைக்க மறுக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. மறுத்துவிட்டால் கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அந்த வழக்கு நம் அரசாங்க வழக்குரைஞரிடம் செல்லும். இங்கேயே அவர் மீது நடவடிக்கை எடுக்க அது வழி செய்கிறது. ஆக, இரு மரபுகளுக்கும் நடுவே நம் சட்டம் ஒரு பாதை வகுத்திருக்கிறது.

காப்பிக்கடையில் நாம் படித்த செய்திக்கு உரியவர் ரோஜர் இங். அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றில் பணியாற்றியவர், மலேசியக் குடிமகன். 1எம்டிபி பண விவகாரத்தில் அமெரிக்கா அவர் மீது குற்றம் சாட்டியது. 2018 நவம்பரில் அவர் இங்குக் கைதானார். ஒப்படைப்பை எதிர்க்கப் போவதில்லை என்று அவரே இணங்கியதால், 2019 மே மாதத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 2022 ஏப்ரலில் அங்குள்ள நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. 2023 மார்ச்சில் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், விசாரணைக்கு உதவுவதற்காக மலேசியாவுக்கு அழைத்து வரப்பட்டார்.

இதையும் கவனியுங்கள். அவர் குடிமகன். அவரை வெளியேற்றவில்லை; ஒப்படைத்தார்கள். போனவர் திரும்பி வருவதற்குக் கதவு அடைபடவும் இல்லை. நாதனுக்கு நேர்ந்ததற்கும் இவருக்கு நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

"அப்படியானால் எந்த நாடு கேட்டாலும் யாரையும் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஒப்படைப்புக்குப் பல படிகள் உண்டு. கேட்கும் நாடு முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். சொல்லப்படும் செயல் அந்த நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். நம் நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். அதுவும் ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ உரிய குற்றமாக இருக்க வேண்டும். அரசியல் தன்மையுடைய குற்றத்துக்காக ஒருவரை ஒப்படைக்கக் கூடாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் தண்டிப்பதற்கே கேட்கிறார்கள் என்றால், அப்போதும் ஒப்படைக்கக் கூடாது.

வழக்கு முதலில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும். அந்த நீதிமன்றம் ஒப்படைப்புக்குக் காவலில் வைக்க உத்தரவிட்டாலும், உடனே விமானம் ஏற்றிவிட முடியாது. 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம். இவையெல்லாம் முடிந்த பிறகே அமைச்சர் இறுதி உத்தரவில் கையொப்பமிடுவார். இந்தப் பாதுகாப்புகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சிவப்புக் கார்டு வைத்திருப்பவருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் இவை பொருந்தும். அமைச்சர் மறுக்கலாம் என்ற அந்த ஒரு கூடுதல் வாய்ப்புதான் குடிமகனுக்கே உரியது.

ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் நாள்தோறும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். "அங்கே எது செய்தாலும் இக்கரைக்கு வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நடைமுறை மிகவும் எளிது. ஒரு நாட்டில் பிறப்பித்த பிடியாணையில் மறு நாட்டு மாஜிஸ்திரேட் ஒப்புதல் கையொப்பமிட்டால், அதைக் கொண்டு ஆளைக் கைது செய்து அனுப்ப இரு நாட்டுச் சட்டங்களிலும் இடம் இருக்கிறது. இந்தியாவோடும் மலேசியா 2010ஆம் ஆண்டில் ஒப்படைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. எனவே, குற்றத்துக்கு ஒளிவிடமாகக் குடியுரிமையை எவரும் எண்ண வேண்டாம்.

இப்போது அந்த மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். "அம்மா, பயப்படாதீர்கள். இரவோடு இரவாக உங்களைக் கப்பலேற்ற யாரும் வரப்போவதில்லை. நிரந்தரமாக இங்குத் தங்க உங்களுக்கு அனுமதி இருக்கிறது" என்று நாம் சொன்னோம். ஆனால் ஓர் உண்மையை மறைக்கவில்லை. அவருக்கு இருப்பது அனுமதி; குடிமகனுக்கு இருப்பது உரிமை. அனுமதியை ஓர் அதிகாரி ரத்துச் செய்யலாம். அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு தரும் உறுதியை எந்த அதிகாரியும் தம் விருப்பம்போல் எடுத்துவிட முடியாது.

அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை நம் தோட்டங்கள் ஒரு முறை கண்ணீரோடு கற்றன. 1968இல் வந்த சட்டம் ஒன்று, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு அது கண்டிப்பாக அமலானபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வேலை இழந்து இந்தியாவுக்குப் போனார்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று எவரும் சொல்லவில்லை. விண்ணப்பிக்க வேண்டிய காலத்தில் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் அவர்களிலே பலர். வழிகாட்ட ஆள் இல்லை. பட்டணம் போனால் ஒரு நாள் கூலி போகும். பத்திரம் எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

அந்தத் தவற்றை நாம் மீண்டும் செய்யலாமா? பள்ளியில் புதிய மாணவர்களைச் சேர்க்கும் நாளில், பிறப்புப் பத்திரம் இல்லாத குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் தாயை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் குழந்தை என்ன குற்றம் செய்தது?

ஆகையால், பெற்றோர்களே, மூன்று காரியங்களை மறவாதீர்கள். முதலாவது, குழந்தை பிறந்தவுடன், திருமணம் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறப்பைத் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துவிடுங்கள். காலம் கடந்துவிட்டாலும் போய்ப் பதியுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். இரண்டாவது, திருமணத்தையும் சட்டப்படி பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டத்துக்குப் போதாது. பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்தே அமையும். தாய் குடிமகள் இல்லையென்றால் தந்தையின் நீலக் கார்டு அப்பிள்ளைக்கு உதவாமல் போகலாம். மூன்றாவது, பன்னிரண்டு வயதானதும் பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுங்கள். பதினெட்டு வயதில் அதை மாற்றுங்கள்.

சிவப்புக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பம் செய்யுங்கள். ஒரு முறை மறுத்துவிட்டார்கள் என்று சோர்ந்துவிடாதீர்கள். நிரந்தரவாசிகளுக்கு இங்குப் பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே குடிமக்களாகும் வழியை எடுத்துவிடும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. எனவே, இதில் காலம் தாழ்த்துவது பேரப்பிள்ளைகளையும் பாதிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அன்று காப்பிக்கடையில் கேட்ட இருவருக்கும் நாம் அளித்த விடையை ஒரு முறை தொகுத்துச் சொல்கிறோம். குற்றம் செய்து ஓடி வருபவனுக்குக் குடியுரிமை பூட்டிய கதவன்று. நீதிமன்றத்தின் வழியாக அது திறக்கப்படும். குற்றமற்றவனுக்கோ அது சொந்த வீடு. அந்த வீட்டிலிருந்து அவனை எவரும் வெளியேற்ற முடியாது.

அந்த மூதாட்டி அடுத்த வாரமே தம் பழைய பத்திரங்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நம்மிடம் கொண்டு வந்தார். பாரத்தை நாமும் அவருடைய பேத்தியும் சேர்ந்து நிரப்பினோம். உங்கள் வீட்டிலும் அப்படியொரு பை பெட்டிக்குள் கிடக்கலாம். இன்று இரவே அதை எடுத்துப் பாருங்கள். எந்தப் பத்திரம் இல்லை என்று தெரிந்தால், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் உங்களுக்கு வழி சொல்வார்.